மாப்பிள்ளைக்கு வாங்கிய மூன்றாம் நம்பர் மட்டை

தாராவி, பம்பாய்
பிப்ரவரி 1986

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை கரீம் பாட்சா அவர்களுக்கு, மாமா உதுமான் ஸலாம் சொல்லி எழுதுவது.

முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சில எழுத்து பூசணிக்காய் மாதிரியும் சில எழுத்து கடுகு மாதிரியும் இருக்கும். மருமகள் ஆபிதா ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுத்தான் தாள் கொடுத்தாள். கோடு அதன் இடத்திலேயே நிற்கிறது, நான்தான் வரி முடிவதற்குள் கீழே இறங்கிவிடுகிறேன். அங்கங்கே மை கொட்டியிருப்பதற்கு வருந்துகிறேன். ஒரு இடத்தில் டீயும் கொட்டியது. அதற்கும் சேர்த்து.

இத்தனை வருஷம் என் பெயரில் உங்களுக்கு வந்த கடிதங்களையெல்லாம் தபாலாபீஸ் வாசலில் பெட்டி வைத்து உட்கார்ந்திருப்பவர்தான் எழுதினார். நான் எதைச் சொன்னாலும் அவர் 'இவ்விடம் யாவரும் க்ஷேமம்' என்றே எழுதுவார். ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கிறது, அரிசி மூட்டை மிதக்கிறது என்று சொன்னேன். அதற்கும் க்ஷேமம்தான். இப்போது ஆபிதா எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டாள், கையும் என்னுடையது, பேனாவும் என்னுடையது. நடந்ததை நடந்தபடி எழுதலாம் என்ற சந்தோஷத்தில் உட்கார்ந்தேன். ஆனால் மாப்பிள்ளை, நடந்தது எதுவும் எழுதிச் சந்தோஷப்படுகிற மாதிரி நடக்கவில்லை. அந்தப் பெட்டிக்காரர் ஏன் எல்லாவற்றுக்கும் க்ஷேமம் போட்டார் என்பது இப்போதுதான் புரிகிறது.

உங்கள் கடிதத்தை யார் உதவியும் இல்லாமல் நானே படித்தேன். சரியாகத்தான் படித்தேன் என்று நீங்கள் நம்புவதற்காக அதைத் திருப்பிச் சொல்கிறேன். உங்கள் எஸ்டேட் மேனேஜர் துரை, மகளைப் பார்க்க லண்டன் போகும்போது தன் கோல்ப் பையை உங்கள் ஸ்டோரில் பத்திரமாக வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு நாள் மூட்டைகளுக்கு நடுவில் கறுப்பாக ஏதோ சுருண்டு கிடந்ததைப் பார்த்து, பாம்பு என்று நினைத்து, கைக்கு வந்த மட்டையை உருவி ஓங்கி அடித்தீர்கள். அது தண்ணீர் விடும் ரப்பர் குழாய். அதன் அடியில் தராசுப் படிக்கல். மட்டையின் மரத்தலை தேங்காய் மாதிரி இரண்டாகப் பிளந்துவிட்டது. உங்களுக்கு முன் அந்த வேலையில் இருந்தவரை ஒரு குடை காணாமல் போனதற்காக வீட்டுக்கு அனுப்பிய துரை அவர். பங்குனியில் திரும்பி வந்து பையைத் திறந்தால் உங்கள் வேலையும் போகும், குவார்ட்டர்ஸும் போகும், என் மகள் சைனப்புக்கோ இது பேறுகால மாசம். அதனால் அதே மாதிரி பழைய மட்டை ஒன்று பம்பாயில் தேடி வாங்கி அனுப்பினால், யாருக்கும் தெரியாமல் பையில் செருகிவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். சரிதானே? அது பாம்பாக இருந்திருந்தால் நீங்கள் அடித்த அடிக்கு அப்போதே செத்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கல்யாணமான பிறகு நீங்கள் என்னிடம் கேட்ட முதல் உதவி இது. அதைக் குறைவில்லாமல் செய்ய வேண்டும் என்ற ஆசைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

மட்டை கிடைத்துவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்காக இப்போதே சந்தோஷப்பட்டுவிட வேண்டாம்.

செம்பூரில் கோல்ப் ஆடுகிற மைதானம் இருக்கிறது என்று மகன் ஹனீப் சொன்னான். போனேன். வாசலில் நின்ற காவல்காரன் என்னைப் பார்த்தான், என் கைலியைப் பார்த்தான், கேட் எந்தப் பக்கம் என்று காட்டினான். நான் வெளியே போகிற கேட்டைச் சொல்கிறேன். மதிலுக்குப் பின்னால் ஒரு டீக்கடை. ஆடுகிறவர்களின் பைகளைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிற ஆட்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவன் தமிழ் பேசினான், ஜம்பு என்று பெயர். நீங்கள் பென்சிலில் வரைந்து, பக்கத்தில் நிறமும் எழுதி அனுப்பிய படத்தை நீட்டினேன்.

“பாய், கோல்ப் ஆடுற வயசா உங்களுக்கு?” என்றான்.

“ஆடுத வயசுல கபடியே ஆடலை, இப்ப என்னத்த ஆட. வேற ஆளுக்கு.”

“அரே, இது திரீ வுட், மூணாம் நம்பர் மரமட்டை. புல்லு மேல கெடக்கிற பந்தை ரொம்ப தூரத்துக்குத் தூக்கி அடிக்கிற சாமான். இப்ப இரும்புத் தலை வருது பாய், சேட்டுங்க எல்லாம் அதுக்கு மாறிட்டாங்க. மரத்தலை வேணும்னா பழைய ஆளுங்க வூட்லதான் தேடணும். மாட்டுங்காவுல ஒரு சார் இருக்காரு. இதே கலரு, இதே நம்பரு. ஆனா கடை மாதிரி காசைக் குடுத்து எடுத்துட்டு வர முடியாது. அவர் ஆளைப் பார்ப்பாரு. சலோ, நாளைக்கு நல்ல சட்டை போட்டுட்டு வாங்க.”

நல்ல சட்டை போட்டுக்கொண்டு, அத்தரும் வைத்துக்கொண்டு போனேன். மாட்டுங்காவில் பூக்கடைகள் எல்லாம் தாண்டி ஒரு பழைய கட்டடம், மாடி. சந்திரமௌலி என்று பலகை. ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் ஆபீஸராக இருந்து ரிடயர் ஆனவராம், பாலக்காட்டுக்காரர். அவர் மனைவி வாலாம்பாள் கதவைத் திறந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, “ஏன்னா, மட்டையைப் பார்க்க வந்திருக்கா!” என்று குரல் கொடுத்தார்.  உங்களைப் பேசி முடிப்பதற்கு முன் சைனப்பைப் பெண் பார்க்க நம் வீட்டுக்கு வந்து போனவர்கள் ஞாபகம் எனக்கு வந்தது. ஜமக்காளம் விரித்து உட்காரவைத்தார்கள். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, காப்பி வந்தது. பிறகு உள்ளே இருந்து சந்திரமௌலி சார் மட்டையை ஒரு பட்டுத் துண்டில் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். துண்டை விலக்கினார். மாப்பிள்ளை, பார்க்க வேண்டுமே! கருப்பட்டி நிறத்தில் தலை, கண்ணாடி மாதிரி பளபளப்பு, பந்து படுகிற இடத்தில் சிவப்பாக ஒரு சதுரம், அடியில் மூன்று என்று நம்பர். இங்கிலீஷ் நம்பர் எனக்கு முன்பே தெரியும், பஸ்ஸுக்காகப் பழகியது. உங்கள் படத்தில் இருந்தபடியே எல்லாம் இருந்தது.

“தப்பா நெனச்சுக்காதேங்கோ பாய்,” என்றார் அவர். “பணம் கொடுக்கறவா எல்லார் கையிலயும் இதைக் கொடுத்துட முடியாது. யாருக்கு இது?”

இந்த இடத்தில்தான் மாப்பிள்ளை, நான் நிதானித்திருக்க வேண்டும். ஆனால் முன்பின் தெரியாதவர் வீட்டில் உட்கார்ந்து, கேசரியையும் தின்றுகொண்டு, என் மாப்பிள்ளை குழாயைப் பாம்பென்று அடித்துத் துரையின் மட்டையை உடைத்துவிட்டார் என்று எந்த மாமனாரால் சொல்ல முடியும்? “என் மாப்பிள்ளைக்கு” என்றேன்.

“மாப்பிள்ளை ஆடறவரா?”

“நல்லா அடிப்பாக.”

இது பொய்யில்லை. நீங்கள் அடித்ததற்குப் படிக்கல்லே சாட்சி.

“எங்க இருக்கார்?”

“வால்பாறைல, எஸ்டேட்டுல.”

“எஸ்டேட்ல என்னவா இருக்கார்?”

ஸ்டோர் என்ற வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் ஜம்பு, வாய் நிறையக் கேசரியோடு, “மேனேஜர் சார்!” என்றுவிட்டான். நான் மறுத்திருக்கலாம். மறுக்க வாயும் திறந்தேன். ஆனால் மேனேஜர் கரீம் பாட்சா என்று மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், அது நன்றாகப் பொருந்தியது. அதனால் திறந்த வாயால், “பங்களாவும் குடுத்திருக்காக” என்று சொல்லிவிட்டேன். தௌபா! அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும். பங்களாவுக்கு முன்னால் தோட்டம் இருப்பதையும் சொன்னேன்.

அந்த அம்மாள் முகம் மலர்ந்தது. “கேட்டேளா? எஸ்டேட் மேனேஜராம்! இங்க பீரோவுக்குப் பின்னாடி நிக்கறதுக்கு அங்க போய் நன்னா இருக்கட்டும். பிடியில தோல் சுத்தியிருக்கு பாய், பூஜை அலமாரிக்கு இந்தண்டையும் வைக்கப்படாது, அந்தண்டையும் வைக்கப்படாது. இவர் ரிடயர் ஆனதுலேர்ந்து இதுக்கு ஒரு எடம் தேடறதே நேக்கு வேலையாப் போச்சு” என்றார். சந்திரமௌலி சார் மட்டையைத் துண்டால் இன்னொரு தடவை துடைத்தார். நாங்கள் கொண்டுபோன பணம் எவ்வளவு என்று சொன்னோம். அவர் குறைத்தே வாங்கிக்கொண்டு, “நல்ல எடத்துக்குக் கொடுக்கறச்சே பேரம் பேசப்படாது” என்றார். மட்டையை என் கையில் வைக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது. சைனப்பை உங்களிடம் ஒப்படைத்த அன்று எனக்கு எப்படி இருந்ததோ அப்படி அவர் நின்றார். அவரிடம் போய்ப் பொய் சொன்னோமே என்று மாடிப்படி இறங்கும்போது ஜம்புவைத் திட்டினேன். “பாய், மேனேஜர்னு சொல்லலைன்னா கேசரியோட அனுப்பிச்சிருப்பாரு” என்றான் அவன்.

இந்த வரி எழுதும்போது பாங்கு சொன்னார்கள். தொழுதுவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

தொழுதுவிட்டேன். மனம் கொஞ்சம் லேசானது. ஆனால் மீதியை எழுத உட்கார்ந்ததும் மறுபடி கனத்துவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் வேறு கஷ்டம். உங்கள் துரையின் மட்டை பல வருஷம் அடிபட்டு, அடியெல்லாம் கீறி, பிடியெல்லாம் கறுத்துப்போனது என்று எழுதியிருந்தீர்கள். இதிலோ ஒரு கீறல் இல்லை. பழைய சாமான் என்றுதான் பெயர், பார்த்தால் நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி இருக்கிறது. இதைப் பையில் வைத்தால் துரைக்குக் கண் தெரியாதா? ஹனீப்பின் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பை தைக்கிற பட்டறை என்றாலும் அங்கே எல்லா வேலையும் நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஹனீப் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“வாப்பா, இந்தத் தாராவியில எங்க தொழிலே பழசைப் புதுசாக் காட்டுததுதான். புதுசைப் பழசாக்கணும்னு இதுவரைக்கும் ஒருத்தனும் வந்ததில்லை. இதுக்கு என்ன கூலி சொல்லணும்னே தெரியலையே.”

“வாப்பாட்ட கூலி கேக்கியா?”

“கேக்கலை. தொழில் தெரியலைன்னுதான் சொல்லுதேன்.”

பட்டறையில் அப்துல் ரவூப் என்று ஒருவர் இருக்கிறார், எதற்கும் யோசிக்காத மனிதர். அவர் மட்டையை வாங்கி, வாசலில் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, தலையைத் தரையில் வைத்து மாவரைக்கிற மாதிரி அரைக்கத் தொடங்கினார். பிடிக்கு டீத் தண்ணீரும் பழைய மெஷின் எண்ணெயும் பூசினார். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம் வந்துவிட்டது, “இப்பப் பாரும், எப்படி ஆயிட்டு வாரான்னு!” என்று பாடாத குறை. நான் பக்கத்தில் குனிந்து, “இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் சந்தில் சந்திரமௌலி சாரும் அவர் மனைவியும் நிற்கிறார்கள்.

மட்டையின் தலைக்குப் போடுகிற குல்லாய் ஒன்று உண்டாம். எஸ்டேட்டில் குளிருமே என்று அந்த அம்மாள் நீலமும் மஞ்சளுமாகக் கம்பளி நூலில் புதிதாகப் பின்னி, உச்சியில் ஒரு குஞ்சமும் வைத்து, தன் கையாலேயே கொடுக்க வேண்டும் என்று புருஷனையும் இழுத்துக்கொண்டு, ஜம்புவிடம் விலாசம் வாங்கி, வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். சந்திரமௌலி சார் முகத்தை நான் எப்படி எழுதுவேன்? ஆபிதா எனக்குச் சொல்லிக்கொடுத்த எழுத்துக்களில் அதற்கு எழுத்து இல்லை. பெற்ற பிள்ளையைத் தரையில் போட்டுத் தேய்ப்பதைப் பார்க்கிறவர் மாதிரி நின்றார். அப்துல் ரவூப் ஆளைக் கண்டும் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“என்ன பண்றேள் பாய்?” என்றார், மெதுவாக.

அந்த நேரத்தில் என் வாயில் எங்கிருந்து அது வந்ததோ தெரியவில்லை. “கண்ணேறு கழிக்கோம் சார்” என்றேன். “மாப்பிள்ளைக்குக் குடுக்கிற சாமான் இவ்வளவு அழகா இருந்தா ஊர்க்கண்ணு பட்டுரும். குழந்தை கன்னத்துல மையை வைக்கதில்லையா, அது மாதிரி எங்க பக்கம் ஒரு வடு வச்சுத்தான் குடுப்போம்.”

அவர் நம்பினாரோ இல்லையோ, அந்த அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். “பார்த்தேளா, சம்பிரதாயம்னா இதுதான்! நேக்குத் தோணவே இல்லையே. பாய், அந்தப் பக்கமும் ஒரு தேய் தேய்க்கச் சொல்லுங்கோ, அதுலயும் பளபளன்னு இருக்கு” என்றார். அப்துல் ரவூப் அந்தப் பக்கத்தையும் தேய்த்தார். ஒவ்வொரு தேய்ப்புக்கும் சந்திரமௌலி சார் கண்ணை மூடித் திறந்தார். எனக்கோ அவரைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை. ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, குடிக்கக் கோல்டு ஸ்பாட் வாங்கிக் கொடுத்தேன். அவரும் என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, “ஒரு நாள் உங்க மாப்பிள்ளையோட ஒரு ஆட்டம் ஆடிப்பார்க்கணும் பாய்” என்றார். இது வெறும் மரியாதைப் பேச்சு. நானும் பதிலுக்கு மரியாதையாக, “எப்ப வேணும்னாலும் போங்க சார், பங்களா நம்மது, பத்து நாள் தங்கணும்” என்றேன். இதுவும் வெறும் மரியாதைப் பேச்சு. பம்பாயில் ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் ஆயிரம் பேரை இப்படி வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள், யாரும் போவதில்லை.

“எப்போ போலாம்?” என்றார் வாலாம்பாள் அம்மாள்.

நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். அந்த அம்மாள் மூடவில்லை. பங்குனியில் அவர்கள் ஊர்க் கோவிலில் உற்சவமாம், எப்படியும் பாலக்காடு வரை போக வேண்டுமாம், அங்கிருந்து வால்பாறை எவ்வளவு தூரம், பொள்ளாச்சி வந்தால் பஸ் ஏறிவிடலாமே, நம்மை எஸ்டேட் பங்களாவுக்கு யார் கூப்பிடுகிறார்கள் என்று அங்கேயே எல்லாம் முடிவாகிவிட்டது. அந்த அம்மாளின் தம்பிக்கு ரயில்வேயில் வேலை. டிக்கெட்டும் போட்டுவிட்டார்கள் மாப்பிள்ளை. உங்கள் துரை லண்டனிலிருந்து திரும்புகிற அதே வாரம். துரையின் பங்களா வாசலில் இறங்கி, மேனேஜர் கரீம் பாட்சா எங்கே என்று அவர்கள் துரையிடமே கேட்கப் போகிறார்கள். மட்டை உடைந்ததையாவது அவர் மன்னிக்கக்கூடும். பங்களாவையே எடுத்துக்கொண்டதை எப்படி மன்னிப்பார்? உங்கள் வேலையைக் காப்பாற்றக் கிளம்பியவன், அதைக் கெடுப்பதற்கு ஆளைத் தேடிப் பிடித்து, காப்பியும் குடித்துவிட்டு, ரயிலேற்றி அனுப்புகிறேன். இதை நினைத்தால் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆபிதா பிரியாணி செய்த அன்று மட்டும் கொஞ்சம் இறங்கியது.

ஆபிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “மாமா, பேசாமப் போய் உண்மையச் சொல்லிருங்க. அவங்க நல்லவங்களாத்தான் தெரியுது” என்றாள். சரி என்று நேற்று மாட்டுங்கா போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு போனேன். கதவு திறந்தே இருந்தது. உள்ளே அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அந்த அம்மாள், உங்களுக்குக் கொண்டுவர முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “இவர்தான் மேனேஜரோட மாமனார்!” என்றார். எல்லாப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை, என்னை இதுவரை யாரும் அப்படித் திரும்பிப் பார்த்ததில்லை. அதில் ஒரு பெண், “பங்களாவுல வெந்நீர் வருமோ?” என்று கேட்டாள். நான் உண்மையைச் சொல்ல வந்தவன். “ரெண்டு குழாயில வரும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். சந்திரமௌலி சார் ஜன்னல் பக்கம் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.  அவருக்கு என் மேல் சந்தேகம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

டெலிபோனில் சொல்லலாம் என்றால் அங்கே போன் துரையின் ஆபீஸில் இருக்கிறது. அதனால்தான் கை வலித்தாலும் எழுதுகிறேன். என்ன செய்வது என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும். நான் யோசித்தவரை, அவர்கள் வருகிற நாளில் நீங்கள் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்கே இறங்கிப்போய், மேனேஜருக்கு மாற்றல் ஆகிவிட்டது, நான் அவர் ஸ்டோர் கீப்பர் என்று சொல்லிவிடலாம். அது பாதிக்கு மேல் உண்மைதான். ஆனால் சைனப் ஏதாவது உண்மையைப் பேசிவிடுவாள், அவளுக்கு என்னை மாதிரிப் பேச்சு வராது. இல்லையென்றால் துரையிடம் முன்கூட்டியே காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். பழியை என் மேல் போடுங்கள். மாமனார் படிக்காதவர் என்று சொல்லுங்கள். இப்போது அது சரியில்லை என்றாலும், அதைச் சொல்ல உங்களுக்கு அனுமதி தருகிறேன். வேலை போய்விட்டால் இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள். இடம் குறைவு, மனசுக்குக் குறைவில்லை. ஹனீப்பும் இதையே சொல்லச் சொன்னான்.

மட்டையைச் சாக்கில் தைத்து, பொள்ளாச்சிக்குப் போகிற நமக்குத் தெரிந்த லாரியில் கொடுத்திருக்கிறேன். கடிதத்துக்கு முன்னால் வந்தாலும் வரும். தலையில் இருக்கும் குல்லாயை மறக்காமல் எடுத்துவிட்டுப் பையில் வையுங்கள். அந்தக் குஞ்சத்தைத் துரை பார்த்தால் நாம் பட்ட பாடெல்லாம் வீண்.

பொய் சொன்னதற்கு நான் வருந்துகிறேன். ஒரு பொய்தான் சொன்னேன் என்று எழுத நினைத்தேன், எழுதிப் பார்த்தால் தாள் நிறைய இருக்கிறது. இனி அப்படி ஒன்று என் வாயிலிருந்து வராது என்று வல்ல இறைவனைச் சாட்சி வைத்துச் சொல்கிறேன்.

என் மகள் சைனப் நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்கவும், உங்கள் வேலைக்கு ஒரு தீங்கும் வராமல் இருக்கவும் ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். குளிரில் அவளை வெளியே விடாதீர்கள். ஆபிதா இரண்டு தாளைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள், அது அடுத்த வாரக் கடிதத்துக்காம். எழுதுவேன். வேறு நல்ல செய்தி இல்லாவிட்டாலும், எழுதத் தெரிந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் மாமா,
உதுமான்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, உறையை ஒட்டப் பசை எடுத்து வைத்திருந்தேன், அதற்குள் பட்டறைக்குச் சந்திரமௌலி சார் வந்துவிட்டார், தனியாக. எல்லாம் தெரிந்துவிட்டது, சண்டைக்கு வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன். டீ வேண்டாம் என்றார், பிறகு வாங்கிக் குடித்தார். பிறகு ஹனீப் அந்தப் பக்கம் போகும்வரை காத்திருந்து என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார்.

“பாய், உங்க மாப்பிள்ளைக்கு ஒரு வரி எழுதணும். நேக்கு முதுகு வலின்னு எழுதுங்கோ. ஆட வர முடியாதுன்னு.”

“என்ன சார் ஆச்சு முதுகுக்கு?”

“முதுகுக்கு ஒண்ணும் ஆகலை” என்று சொல்லிவிட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தார். “நான் என் ஆயுசுல ஒரு தடவைகூட அந்த மட்டையால பந்தை அடிச்சதில்லை பாய். டைரக்டர்கள் ஆடுவா. நான் யாருக்கு எத்தனைன்னு கணக்கு எழுதிண்டு பின்னாடியே நடப்பேன். அவாள்ல ஒருத்தர் சீமைக்குத் திரும்பிப் போறச்சே இதை என் கையில கொடுத்துட்டுப் போனார். ஆத்துக்கு வந்து, நானும் ஆடறேன்னு சொல்லிட்டேன். அவளும் நம்பிட்டா. ஞாயித்துக்கிழமையானா ஆடப் போறேன்னு கிளம்பி, தாதர் ஸ்டேஷன்ல உக்காந்து பேப்பர் படிச்சுட்டு வருவேன். இப்ப உங்க மாப்பிள்ளை முன்னாடி, அவ பார்த்துண்டிருக்கறச்சே, நான் எப்படி பாய்…”

நான் வாயைத் திறந்தேன் மாப்பிள்ளை. நானும் சொல்லிவிடுகிறேன், இரண்டு பேரும் சிரித்துவிட்டுப் போகலாம் என்றுதான் திறந்தேன். அதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இதை நான் வேற யார்கிட்டயும் சொன்னதில்லை. உங்களைப் பார்த்தா பொய் தெரியாத மனுஷராத் தோணித்து, அதான் சொல்லிட்டேன்” என்றார். அதற்கப்புறம் நான் என்ன சொல்ல முடியும்? “மாப்பிள்ளை ரொம்ப வருத்தப்படுவாக சார். நான் எப்படியாவது சமாதானம் சொல்லி எழுதுதேன்” என்றேன். மேலே இறைவனைச் சாட்சி வைத்து எழுதிய வரியைப் பேனாவால் கொஞ்சம் அடித்திருக்கிறேன், பார்த்திருப்பீர்கள்.

ஆனால் முதுகு வலி என்றால் அந்த அம்மாள் கேட்கமாட்டாராம். நீங்க ஆட வேண்டாம், படுத்துண்டு இருங்கோ, நான் பங்களாவைப் பார்க்கிறேன் என்பாராம். அதனால் மறுப்பு உங்கள் பக்கமிருந்து வர வேண்டும் என்று அவர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். ஆகவே மேலே நான் கேட்டவை, வருந்தியவை எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள், துரையின் காலிலும் விழ வேண்டாம். முழுக் கடிதத்தையும் கிழித்துவிடலாம்தான். ஆனால் இவ்வளவு நீளமாக நான் இதுவரை எழுதியதில்லை, கிழிக்க மனசு வரவில்லை. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பங்களாவில் கூரை மாற்றுகிறார்கள், இந்த வருஷம் வர வேண்டாம் என்று உடனே அவருக்கு ஒரு தந்தி கொடுத்துவிடுங்கள். மாட்டுங்கா விலாசம் உறையின் பின்பக்கம் இருக்கிறது. துரை திரும்பி வருவதற்குள் கொடுத்துவிடுங்கள். பெயருக்கு முன்னால் மேனேஜர் என்று போட வெட்கப்பட வேண்டாம், அவர்கள் அப்படித்தான் எதிர்பார்ப்பார்கள். தந்தி வந்ததும் என்னிடம் கொண்டுவந்து காட்டுவதாகச் சந்திரமௌலி சார் சொல்லியிருக்கிறார். மேனேஜர் கரீம் பாட்சா என்பது இங்கிலீஷில் எப்படி இருக்கும் என்று ஆபிதாவை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி இன்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் வாசித்துக் காட்ட வேண்டியிருக்காது, நானே படித்துவிடுவேன்.